தொடாத சுவர்

மறுபடியும் நின்றுவிட்டது.
திரையில் அதே சிவப்பு வரி: எல்லை தொடப்பட்டது.
பொய்.
வெட்டும் தலை நட்டநடுவில் நிற்கிறது,
எந்த எல்லைக்கும் இரண்டு முழம் இப்பால்.
தேனீப்பெட்டியின் பக்கப்பலகை ஒன்று
பாதிப் பல் முளைத்த வாயோடு கிடக்கிறது.
இன்றைக்கு இது ஏழாவது.

லியெபாயாவில் பிப்ரவரி.
துறைமுகக் காற்று பட்டறைத் தகரத்தை
உலுக்கி எடுக்கிறதாம்.
'தாம்' போட்டுத்தான் சொல்லவேண்டும்.
கருவி மாட்டினாலும் காற்று என் காதுக்கு எட்டாது.

இல்க்வார்ஸ் சுவிட்சைத் திட்டினான்.
தொடாமலே சுருங்கும் தொட்டாற்சுருங்கி.
புதிது வாங்கினோம், இருமடங்கு விலை,
அதுவும் பொய்தான் சொன்னது.
பிறகு அவன் எல்லைக் காவலையே
மென்பொருளில் அணைத்துவிட்டான்.
புலி வருது, புலி வருது என்று கத்துகிறவனின்
வாயைக் கட்டுவது போல.
அன்று மாலையே புலி வந்தது.
தலை ஓடிப்போய் மெய்யான சுவரில் மோதி
பெல்ட்டின் பற்களை மழித்துக்கொண்டது.

மின்காரர் அக்ரிஸ், வென்ட்ஸ்பில்ஸிலிருந்து,
ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினார்:
இரைச்சல்.
போனை என்னிடம் நீட்டினான் இல்க்வார்ஸ்.
போயும் போயும் என்னிடம்.

ஞாயிறன்று தேவாலயத்தில்
பாதிரியாரின் குரலைப் பிடிக்க
காதுக்கருவியைச் சுருளுக்கு மாற்றியிருந்தேன்.
ஒலியை விட்டுவிட்டுக் காந்தத்தைக் கேட்கும் அது.
திங்களன்று திருப்ப மறந்துபோனேன்.
சுழல்மோட்டாரை முடுக்கியதும்
மண்டைக்குள் ஒரு கூடு தேனீ.

கையால் காதைப் பொத்தினேன்.
குறையவில்லை.
ஓரடி நகர்ந்தேன். குறைந்தது.
திரும்பி வந்தேன். ஏறியது.

அப்புறம் தலையைச் சாய்த்துக்கொண்டு
இயந்திரத்தின் நீளம் முழுக்க நடந்தேன்,
நாடி பார்ப்பவள் மாதிரி.
இல்க்வார்ஸ் மாவரைத்த கையோடு, இல்லை, மரத்தூள் கையோடு
பார்த்துக்கொண்டிருந்தான்.
கேபிள் சங்கிலியருகே காது கிழிந்தது.
மூடியைக் கழற்றினோம்.
மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பியும்
சுவிட்சிலிருந்து வரும் ஒல்லி இணையும்
நாலு மீட்டர் தூரத்துக்கு
பிளாஸ்டிக் கட்டுகளால் இறுக்கிக் கிடந்தன.
ஒரே உறையில் இரண்டு கத்தி.
கட்டியது யார் என்று கேட்கவில்லை.
நான்தான். போன வசந்தத்தில்.
பார்க்க அழகாக இருந்தது.

கட்டுகளை நறுக்கினோம்.
தடியன் இடப்பக்கம், ஒல்லி வலப்பக்கம்.
ஒல்லிக்கு முறுக்கிய இணை, மேலே வலைக்கவசம்.
கவசத்தைப் பெட்டிப் பக்கம் மட்டும்
மண்ணில் இறக்கு, மறுமுனையை விட்டுவிடு,
இரண்டிலும் ஊன்றினால் அதுவே வளையமாகி
ஊர்வம்பை உள்ளே கொண்டுவரும் என்றார் அக்ரிஸ்.
துவரம்பருப்பளவு மின்தேக்கி ஒன்று,
சில்லறைச் சலசலப்பை விழுங்க.
ஐந்து வோல்ட்டில் முணுமுணுத்த சுவிட்சை
இருபத்துநாலில் பேசவைத்தோம்.
கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் என்று
ஊரையெல்லாம் கெஞ்சி வளர்ந்தவள் நான்,
இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா.

கடைசியாக, திறந்தே கிடந்த சுற்றை
மூடி வைத்தோம்.
இப்போது அது ஓயாமல் சொல்லும்:
இருக்கிறேன், இருக்கிறேன்.
சொல்வது அறுந்தால் சுவர்.
கம்பியை எலி கடித்தாலும் அறுந்ததுதான்,
அப்போதும் நிற்கும்.
சந்தேகம் வந்தால் நிற்கத் தெரிந்த இயந்திரம்.

நாற்பது பெட்டி ஓடியது, ஒரு பொய் இல்லை.
இரைச்சல் ஒழிந்துவிடவில்லை.
சுருளை மாற்றி நடந்து பார்த்தேன்,
இடப்பக்கம் அதே கூடு, அதே தேனீ.
வலப்பக்கத்துக்கு எட்டவில்லை, அவ்வளவே.

இல்க்வார்ஸுக்கு நம்பிக்கை வரவில்லை.
ஓடும்போதே கையை நீட்டி
சுவிட்சை விரலால் அமுக்கினான்.
தலை நின்றது. மோட்டார் நின்றது.
என் மண்டை சட்டென்று காலியானது.
அவன் என் பக்கம் திரும்பி
நீளமாக என்னவோ சொன்னான்.
நான் இன்னும் சுருளிலேயே இருந்தேன்.
தலையாட்டி வைத்தேன்.